மேல் வரிக் கையெழுத்து

மூக்கக்கா முகத்துக்குப் பவுடர் போட்டு நான் பார்த்ததில்லை. பத்தொன்பது வருடமாக அவள் வீட்டுக்கு மேல்மாடியில் குடியிருக்கிறேன். அவள் வேலை பார்க்கிற பீர் கம்பெனியில்தான் நானும் வேலை பார்க்கிறேன். ஒருநாள்கூடப் பார்த்ததில்லை. வாசனைத் தைலம் கிடையாது, உதட்டுச் சாயம் கிடையாது, குளிக்கிற சோப்புகூட வாசனையில்லாத கட்டிச் சோப்பு. கல்யாண வீட்டுக்கும் அப்படியேதான் வருவாள். தெரியாத பெண்கள் என்னை ஓரமாகக் கூப்பிட்டு, "பாவம், புருஷன் சரியில்லையா?" என்று விசாரிப்பார்கள். புருஷன் நன்றாகத்தான் இருக்கிறார், மீசையை வருடிக்கொண்டு அதோ பந்தியில் முதல் ஆளாக உட்கார்ந்திருக்கிறார் என்று காட்டுவேன்.

பவுடர் போடாததற்குக் காரணம் வேலை. ஆறு பெரிய எஃகுத் தொட்டிகள் நிற்கிற குளிர் அறை அவள் பொறுப்பு. மால்ட்டை, அதாவது முளைகட்டி உலர்த்திய பார்லியை, வெந்நீரில் கரைத்து, வடிகட்டி, கொதிக்கவைத்து, ஆறவைத்து, ஈஸ்ட் போட்டால் அது அந்தத் தொட்டிகளில் கிடந்து வாரக்கணக்கில் புளிக்கும். எப்போது தயார் என்று சொல்ல மீட்டர் உண்டு, சோதனைக் கூடம் உண்டு. ஆனாலும் கடைசிப் பேச்சு மூக்கினுடையதுதான். பருவம் வராத பீரில் லேசாக வெண்ணெய் வாசம் அடிக்குமாம். எனக்கு ஒன்றும் தெரியாது, எனக்கு எல்லாமே பீர் வாசம். அவள் கண்ணாடிக் கோப்பையை மூக்குக்குக் கீழே ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, "இன்னும் ரெண்டு நாள் வெண்ணெய் இருக்கு" என்பாள். சரியாக ரெண்டு நாளில் போயிருக்கும். அந்த மூக்குக்குப் பக்கத்தில் எந்த வாசனையும் வரக் கூடாது. ஒருமுறை நான் ஆரஞ்சு தின்றுவிட்டுப் போய் வாசலில் நின்றதற்கே, "அடியே, பல்லு தேய்ச்சிட்டு வா" என்று விரட்டிவிட்டாள். மூக்கக்கா என்று பேர் வைத்ததே நாங்கள்தான். முதலில் கேலிக்கு வைத்தோம், பிறகு அதுவே மரியாதைப் பேர் ஆகிவிட்டது.

என் வேலை வேறு. குளிர் அறைக் கதவுக்கு எதிரே பாட்டில் ஓடுகிற பெல்ட்டில், வெள்ளை விளக்கு எரிகிற ஒரு பலகைக்கு முன்னால் உட்கார்ந்திருப்பேன். விரிசல் விழுந்த பாட்டில், தூசி விழுந்த பாட்டில், லேபிள் கோணிய பாட்டில், எது வந்தாலும் பிடிக்க வேண்டும். வலது கைப் பக்கம் ஒரு சிவப்புப் பொத்தான் உண்டு. தப்பைப் பார்த்தவள் அழுத்தலாம், மொத்த பெல்ட்டும் நின்றுவிடும். அழுத்திய பிறகுதான் ஏன் என்று கேட்கலாம், அதற்கு முன்னால் முதலாளியே ஆனாலும் வாயைத் திறக்கக் கூடாது. அது எங்கள் பிரிவின் சட்டம். விளக்குப் பலகையில் உட்கார்ந்திருப்பது நாங்கள் ஒன்பது பெண்கள். லேபிள் ஒட்டுகிற இடத்தில் பெண்கள், பெட்டி அடுக்குகிற இடத்தில் பெண்கள். பீர் ஆம்பிளைச் சரக்கு என்று யார் சொன்னாலும் எனக்குச் சிரிப்பு வரும். நாங்கள் ஒருநாள் லீவு போட்டால் எந்த ஆம்பிளையும் அன்றைக்குத் தண்ணீர்தான் குடிக்க வேண்டும்.

இப்போது மேல் வரிக்கு வருகிறேன். ஒவ்வொரு தொட்டியிலும் ஒரு கரும்பலகை தொங்கும். கீழ் வரியில் பார்த்தவர் கையெழுத்து, மேல் வரியில் மாஸ்டர் கையெழுத்து. மாஸ்டர் என்றால் வடிக்கிறவர்களுக்கெல்லாம் தலைவர். பெரியவர் ஒருத்தர் முப்பது வருடம் மாஸ்டராக இருந்து எட்டு மாதத்துக்கு முன்னால் ஓய்வு பெற்றுப் போனார். போகும்போது சாக்பீஸை அக்கா கையில்தான் கொடுத்தார், நான் பார்த்தேன். ஆனால் ஆபீஸிலிருந்து உத்தரவு வரவில்லை. மாஸ்டர் வேலை முழுவதும் அவள் செய்தாள். கையெழுத்தை மட்டும் கீழ் வரியிலேயே போட்டாள். மேல் வரி எட்டு மாதமாகக் காலி. ஏன் மேலே போடவில்லை என்று கேட்டேன். "கொடுக்காத பேரை நானா எடுத்துப் போட்டுக்கணுமா?" என்றாள். அவளுக்கு ரோஷம் அதிகம்.

பழைய சரக்குக்கு அது போதும். புதுச் சரக்குக்குப் போதாது. புது பீர் ஒன்று முதல்முதலாக வெளியே போக வேண்டுமானால் மேல் வரி நிரம்பியே ஆக வேண்டும், கம்பெனி ஆரம்பித்த நாளிலிருந்து அப்படித்தான். அக்கா அப்படி ஒரு புது பீரைத்தான் அந்த எட்டு மாதமும் வடித்துக்கொண்டிருந்தாள். கொஞ்சம் கறுப்பு, கொஞ்சம் கசப்பு, குடித்து முடித்த பிறகு வறுத்த ரொட்டி வாசம். பதினோரு தடவை வடித்துப் பதினோரு தடவையும் சாக்கடையில் திறந்துவிட்டாள். பன்னிரண்டாவது தடவை கோப்பையை முகர்ந்து பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் எங்கள் பக்கம் நீட்டினாள். ஆளுக்கு ஒரு வாய் குடித்தோம். நான் எதற்கும் சட்டென்று நல்ல வார்த்தை சொல்கிறவள் இல்லை. அன்றைக்குச் சொன்னேன்.

முதலாளியின் மகன், சின்னவர், விளம்பரம் செய்ய வெளியூரிலிருந்து ஆட்களைக் கூட்டிவந்தார். படம் எடுக்கிறவர் ஒருத்தர், அவருக்குக் கீழே நாலைந்து பேர். அவர்கள் குளிர் அறையைச் சுற்றிப் பார்த்துவிட்டு மாஸ்டர் எங்கே என்று கேட்டார்கள். மாஸ்டர் ஓய்வு பெற்றுவிட்டார், இப்போதைக்கு ஒரு அம்மா பார்த்துக்கொள்கிறார் என்று சின்னவர் சொன்னார். படக்காரருக்கு அந்த அம்மாவைப் பார்க்க அவசரம் இல்லை. வெளியே லாரியில் பெட்டி ஏற்றிக்கொண்டிருந்த மீசைக்காரரைப் பார்த்ததும், "இவர்தான் சார், இவரைப் பார்த்தாலே பீர் வடிக்கிற ஆள்" என்று சொல்லிவிட்டார். மூக்கக்கா புருஷன் எங்கள் கம்பெனி லாரி டிரைவர். ஆறடி உயரம், காது வரைக்கும் மீசை. புது ஏப்ரன் ஒன்றை மாட்டிவிட்டார்கள். தொட்டியில் சாய்ந்து நிற்கச் சொன்னார்கள். அவரும் நின்றார்.

அந்த நேரம் அக்கா அந்தத் தொட்டிக்குள்ளே இருந்தாள். பொய் சொல்லவில்லை. காலியான தொட்டியைக் கழுவ ஆள் உள்ளே இறங்க வேண்டும். கையில் விளக்கு, தண்ணீர்க் குழாய், காலில் முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ். தொட்டிக்குள் வெளிச் சத்தம் பெரிதாகக் கேட்கும். "மாஸ்டர், நெஞ்சைக் கொஞ்சம் நிமித்துங்க" என்று யாரோ சொன்னது அவளுக்குக் கேட்டிருக்கிறது. பழைய மாஸ்டர் பார்க்க வந்திருக்கிறார் போல என்று சந்தோஷமாகி, பாதிக் கழுவலில் ஈரத்தோடு ஏறி வெளியே வந்திருக்கிறாள். அதற்குள் எல்லாரும் போய்விட்டிருந்தார்கள். "பெரியவர் வந்தாரா?" என்று என்னிடம் வந்து கேட்டாள். நான் பெல்ட்டைப் பார்த்துக்கொண்டே, இல்லையே அக்கா என்றேன். எனக்கும் அப்போது தெரியாது.

மூன்று வாரம் கழித்து கம்பெனி கேட்டுக்கு முன்னால் போர்டு ஏறியது. அன்றைக்கு நல்ல மழை. குடையைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு நானும் அக்காவும் நின்று பார்த்தோம். போர்டில் மீசைக்காரர் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார். அவர் தோளில் ஒரு பெண் தொங்குகிறாள். அவள் உடுத்தியிருந்த துணியை ஒரு கோப்பைக்குள் திணித்துவிடலாம். கீழே பெரிய எழுத்தில்: "மாஸ்டர் வடித்தார். அவள் ஊற்றுவாள். நீ குடி, ஆண்மகனே!" அக்கா ஒருமுறை வாசித்தாள். பிறகு பூட்ஸில் ஒட்டியிருந்த சேற்றை கேட் வாசல் படியில் தேய்த்துவிட்டு உள்ளே போனாள். அன்றைக்குப் பூராவும் அவள் வாயிலிருந்து தொட்டிக் கணக்கைத் தவிர வேறு பேச்சு வரவில்லை.

வீட்டில் மூன்று நாள் யுத்தம். சத்தமில்லாத யுத்தம். எங்கள் வீடு பழைய கட்டடம், மேலே இருந்தால் கீழே டம்ளர் வைக்கிற சத்தம்கூடக் கேட்கும். பேச்சுச் சத்தம்தான் கேட்கவில்லை. என்னால் பொறுக்க முடியவில்லை, முட்டை கடன் கேட்கிற சாக்கில் இறங்கிப் போனேன். சமையலறையில் ஜன்னல் ஓரம் மழை ஒழுகுகிற இடத்தில் வாளி வைத்திருந்தார்கள். மீசைக்காரர் மேசையில் தலை குனிந்து உட்கார்ந்திருந்தார். அக்கா தட்டில் ரொட்டியும் வெங்காயம் வதக்கிப் போட்ட முட்டையும் வைத்து, என்னைப் பார்த்து, "மாஸ்டரை சாப்பிடச் சொல்லு" என்றாள்.

மீசைக்காரர் என்னிடம் முறையிட்டார். அந்தப் பெண்ணை அவர் கண்ணால்கூடக் கண்டதில்லையாம். அவரைத் தனியாக எடுத்து, அவளைத் தனியாக எடுத்து, கம்ப்யூட்டரில் சேர்த்து ஒட்டிவிட்டார்களாம். பெற்ற மகள்மேல் சத்தியம் செய்ய வாயெடுத்தார், மகளே குறுக்கே விழுந்து, என்னை இதில் இழுக்காதே என்று சொல்லிவிட்டாள். பத்தாவது படிக்கிற பெண். பள்ளிக்கூடத்து வண்டி அந்தப் போர்டைத் தாண்டித்தான் போக வேண்டும். உங்கப்பா தோளில் தொங்குகிறது யார், உங்க சித்தியா என்று மூன்று நாளாகக் கேட்கிறார்களாம்.

"அக்கா, அது யாரோ ஒரு பொண்ணு. விடேன்" என்றேன் நான்.

"அந்தப் பொண்ணைப் பத்தி நான் பேசவே இல்லையே. தொங்கச் சொன்னாங்க, தொங்கறா. அவளுக்கு அது வேலை." அக்கா அடுப்பைத் துடைத்துக்கொண்டே பேசினாள். "இவரு 'மாஸ்டர்'ங்கற வார்த்தையை எப்படி வாங்கிக்கிட்டாரு? அதை மட்டும் கேட்டுச் சொல்லு."

"சும்மா நில்லுங்கன்னாங்க, நின்னேன். கீழ என்ன எழுதுவாங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்?" என்றார் மீசைக்காரர்.

"நெஞ்சை நிமித்துங்க மாஸ்டர்னு சொன்னாங்களே, அது காதுல விழலையா? தொட்டிக்குள்ள இருந்த எனக்கே விழுந்துச்சு."

மகள் வாளியில் நிறைந்த தண்ணீரைக் கொட்டப் போனவள், பாதி வழியில் நின்று, "அப்பாதான் மாஸ்டர்னா நீ யாரும்மா?" என்று கேட்டாள். குத்திக் காட்டக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். பத்தொன்பது வருடம் ஒரு பொட்டு வாசனை இல்லாமல் இருந்த அம்மாவைப் பற்றிப் பள்ளிக்கூடத்தில் என்ன சொல்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. அக்கா அடுப்பைத் துடைத்த துணியையே மறுபடி மறுபடி பிழிந்துகொண்டிருந்தாள். நான் முட்டையை வாங்காமலே மேலே வந்துவிட்டேன்.

இதற்கு அடுத்த வாரம் விளம்பரப் படம் எடுக்க வந்தார்கள். போர்டு அசையாது, இது அசைகிற படம், டிவியில் வருமாம். தொட்டி தயாராக இருந்தது, வெண்ணெய் போய்விட்டது, மறுநாள் பாட்டிலில் நிரப்ப வேண்டும். மேல் வரி அப்போதும் காலி. அதற்கு யார் கையெழுத்து என்று அக்கா சின்னவரிடம் முந்தின நாள் நேரிலேயே போய்க் கேட்டாளாம். பார்த்துக்கலாம், இந்த ஒரு தடவை ஆபீஸிலிருந்து நானே போட்டுவிடுகிறேன் என்று அவர் சொன்னாராம். தொட்டிக்கும் அவருக்கும் அறிமுகமே கிடையாது. அதைச் சொல்லும்போது அக்காவின் குரல் ஒரு மாதிரி இருந்தது. அவர் கையெழுத்து மேலே விழுந்துவிட்டால் தனக்கு இந்தக் கம்பெனியில் எப்போதும் கீழ் வரிதான் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

அன்றைக்கும் மழை. குளிர் அறைக்குள் விளக்குகளுக்கு வயர் இழுப்பதற்காக, எப்போதும் மூடியே இருக்கிற கதவைத் திறந்து முட்டுக் கொடுத்துவிட்டார்கள். அதனால் என் இடத்திலிருந்தே எல்லாம் தெரிந்தது. பாட்டில் ஓடுகிற காட்சியும் வேண்டுமாம், காலிப் பாட்டில்களில் புது லேபிளை ஒட்டி எங்கள் பெல்ட்டை ஓடவிட்டார்கள். லேபிளிலும் அதே மீசை, அதே தொங்கல். நிமிடத்துக்கு அறுபது மீசைக்காரர்கள் என் கண் முன்னால் போனார்கள். கூடவே அறுபது முறை அந்தப் பெண்ணும் போனாள்.

நிஜப் பெண் உள்ளே நின்றாள். இருபத்திரண்டு வயது இருக்கலாம். போர்டில் போட்டிருந்த அதே துணி, அதே உயரச் செருப்பு, ரத்தச் சிவப்பில் உதட்டுச் சாயம். அந்த அறையில் நாங்களே ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு நடுங்குவோம். ஈரத் தரையில் அந்தச் செருப்போடு அவள் நிற்க முடியாமல் தொட்டிக் குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மீசைக்காரர் ஏப்ரன் மாட்டிக்கொண்டு எதிர்ப்பக்கம் நின்றார், அந்தப் பெண்ணைப் பார்க்காமல் கூரையையே பார்த்தார். சின்னவர் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அக்காவைக் கூப்பிடவில்லை. அவள் மூன்று அறை தள்ளி, மால்ட் மூட்டை வைக்கிற இடத்தில் வேலையாக இருந்தாள்.

காட்சி என்னவென்றால், அந்தப் பெண் ஊற்ற வேண்டும், ஒரு வாய் குடிக்க வேண்டும், உதட்டு நுரையோடு சிரித்து மீசைக்காரரிடம் கோப்பையை நீட்ட வேண்டும். ஊற்றும்போது நுரை எழுந்தது. அவள் வாய் வைத்ததும் உட்கார்ந்துவிட்டது. மறுபடி எடுத்தார்கள், மறுபடி உட்கார்ந்தது. அதே கோப்பையைத் துணியால் துடைத்துவிட்டுத் துடைத்துவிட்டு ஊற்றினார்கள். ஐந்தாவது தடவைக்குப் பிறகு ஊற்றும்போதே எழவில்லை. கோப்பையில் கறுப்புத் தண்ணீர் மாதிரி கிடந்தது.

"மாஸ்டர், ஏன் நுரை நிக்க மாட்டேங்குது?" என்று படக்காரர் மீசைக்காரரைக் கேட்டார். கேலிக்கு இல்லை. போர்டில் எழுதி எழுதி அவர்களே நம்பிவிட்டார்கள். மீசைக்காரர் தன் கால் கட்டை விரலைப் பார்த்தார், தொட்டியைப் பார்த்தார், "மழைக்குளிருக்கு அப்படித்தான் இருக்கும்" என்றார். விளக்குப் பலகையில் நாங்கள் ஒன்பது பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டோம்.

படக்காரரின் கையாள் ஒருவன், இதெல்லாம் பெரிய விஷயமில்லை என்று சொல்லி, பையிலிருந்து பாத்திரம் கழுவுகிற சோப்புத் தண்ணீர் பாட்டிலை எடுத்தான். ரெண்டு சொட்டு விட்டால் நுரை அரை மணி நேரம் நிற்குமாம், எல்லா விளம்பரத்திலும் அப்படித்தானாம். மூடியைத் திறந்தான். எலுமிச்சை வாசம் எனக்கே லேசாக வந்தது.

ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. ரப்பர் பூட்ஸ் சத்தம் தடதடவென்று கேட்டது. மூக்கக்கா கையெல்லாம் மால்ட் தூசியோடு வந்து என்னைத் தாண்டிப் போனாள். "யாரு என் ரூமுக்குள்ள சோப்பு கொண்டாந்தது?" என்றாள். அதட்டவில்லை. ஆனால் கையாள் பாட்டிலைத் தானாகவே அவள் கையில் கொடுத்துவிட்டான். அவள் மூடியை இறுக்கி, என்னிடம் கொண்டுவந்து கொடுத்து, கேட்டுக்கு வெளியே வைத்துவிட்டு வரச் சொன்னாள். நான் ஓடிப்போய் வைத்துவிட்டு ஓடிவந்தேன், ஒரு காட்சி விட்டுப்போகக் கூடாதே.

திரும்பி வந்தபோது அக்கா கோப்பையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். விளிம்பில் சிவப்பாக ஒரு கீற்று. துணியால் துடைத்துத் துடைத்து அதைக் கோப்பை பூராவும் பூசி வைத்திருந்தார்கள்.

"உதட்டுச் சாயம் எண்ணெய்ப் பசை. நுரைக்கு அதுதான் எமன். இது தெரியாம ஒரு மாஸ்டரா?" என்றாள். புருஷனைத் திரும்பிப் பார்க்கவில்லை. அந்தப் பெண்ணைப் பார்த்தாள். அவள் பல் தந்தியடித்துக்கொண்டிருந்தது. "ஏம்மா, எவ்வளவு நேரமா இப்படி நிக்கிற?"

காலையிலிருந்து என்றாள் அவள். அக்கா தன் ஸ்வெட்டரைக் கழற்றி அவள் தோளில் போட்டாள். ஆணியில் தொங்கிய கனத்த கோட்டை எடுத்து மேலே போர்த்தினாள். இன்னொரு ஜோடி பூட்ஸைக் காலால் தள்ளிக் கொடுத்து, "மாட்டிக்க, வழுக்கி விழுந்து கையை காலை உடைச்சுக்காத" என்றாள். அந்தப் பெண் படக்காரரைக் கேட்காமலே மாட்டிக்கொண்டாள். கோட்டுக்கும் பூட்ஸுக்கும் நடுவில் பார்த்தால் எங்களில் ஒருத்தி மாதிரியே இருந்தாள்.

பிறகு அக்கா வேறொரு கோப்பையை எடுத்து வெந்நீரில் அலசி, பச்சைத் தண்ணீரில் அலசி, கவிழ்த்து உதறினாள். தொட்டிக் குழாயைத் திறந்து, கோப்பையைச் சாய்த்து, பாதி நிறைந்ததும் நிமிர்த்தினாள். ரெண்டு விரல் உயரத்துக்கு நுரை எழுந்து நின்றது. நின்றுகொண்டே இருந்தது. கேமரா ஓடிக்கொண்டிருந்ததைப் படக்காரர் அப்போதுதான் கவனித்தார்.

"சார், இதுதான் சார். இந்தக் கை!" என்று குதித்தார். சின்னவர் பக்கம் திரும்பி விளக்கினார். ஊற்றுகிற கையை இப்படியே எடுத்துக்கொள்ளலாம், அப்புறம் அந்தப் பெண்ணின் முகத்தைத் தனியாக எடுத்து ஒட்டிவிடலாம், பார்க்கிறவர்களுக்கு வித்தியாசமே தெரியாது. "அம்மா, இன்னொரு தடவை ஊத்துங்க. கை மட்டும் போதும்."

அக்கா கையைப் பார்த்தாள். வலது மணிக்கட்டில் வெந்நீர் பட்ட பழைய தழும்பு ஒன்று உண்டு. கோப்பையை மேசையில் வைத்தாள்.

"கை வேணும்னா முகமும் வரும்" என்றாள்.

சின்னவர் சிரித்தார். கெட்ட மனிதர் இல்லை அவர், தனக்குத் தெரிந்ததுதான் உலகம் என்று நினைக்கிறவர். "அக்கா, கோவிச்சுக்காதீங்க. பீர் விளம்பரம் இது. பூட்ஸ் போட்ட பொம்பளையை யார் பார்ப்பாங்க?"

"நான் பார்ப்பேன் சார்" என்றாள் கோட்டுக்குள்ளிருந்து அந்தப் பெண். "எட்டு பீர் விளம்பரத்துல நடிச்சிருக்கேன். அதை யாரு செய்யறாங்கன்னு இன்னைக்குத்தான் பார்க்கறேன்."

அந்த நேரத்தில் எனக்கு என்ன வந்ததென்று தெரியாது. பெல்ட்டில் மீசையும் தொங்கலும் போய்க்கொண்டே இருந்தது, போய்க்கொண்டே இருந்தது. சிவப்புப் பொத்தானை அழுத்தினேன். பெல்ட் நின்றது. பாட்டில்கள் ஒன்றோடு ஒன்று மோதிக் கலகலத்து அடங்கின. பெட்டி அடுக்குகிறவர்கள், லேபிள் ஒட்டுகிறவர்கள் எல்லாரும் எழுந்து வந்துவிட்டார்கள்.

"யாரு நிறுத்தினது?" சின்னவர் வாசலுக்கு வந்தார்.

"நான்தான் சார். லேபிள் தப்பு" என்றேன்.

"என்ன தப்பு? நேராத்தானே ஒட்டியிருக்கு?"

"நேராத்தான் ஒட்டியிருக்கு. ஆளுதான் தப்பு. மாஸ்டர்னு போட்டு லாரி டிரைவர் படம் இருக்கு. தப்பான லேபிளைப் பார்த்தா நிறுத்தணும்னு உங்க அப்பா போட்ட சட்டம் சார்."

சொல்லிவிட்டேனே தவிர, வேலை போனால் போகட்டும் என்றெல்லாம் நினைக்கிற தைரியசாலி இல்லை நான். சின்னவர் முகம் சிவந்துவிட்டது. மீசைக்காரரைப் பார்த்தார். நீங்களாவது உங்கள் வீட்டம்மாவிடம் சொல்லுங்கள் என்று அர்த்தம்.

மீசைக்காரர் கூரையிலிருந்து கண்ணை இறக்கினார். ஏப்ரன் முடிச்சைப் பின்னால் கைவிட்டு அவிழ்த்தார். அது இறுகிப் போயிருந்தது, கொஞ்ச நேரம் பிடித்தது. கழற்றி இரண்டு கையாலும் விரித்துப் பிடித்தார்.

"இதுல ஒரு சொட்டு கறை இல்ல சார். போர்டு ஏறினதுலேருந்து என்னை மாஸ்டர்ங்கறாங்க, நானும் மீசையை முறுக்கிட்டு அலைஞ்சேன். எனக்கு இந்தத் தொட்டியைத் திறக்கவும் தெரியாது, மூடவும் தெரியாது. இவ பதினோரு தடவை கொட்டிட்டு வீட்டுக்கு வந்து சோறு இறங்காம உட்கார்ந்திருந்தா. பக்கத்துலதான் உட்கார்ந்திருந்தேன். தெரிஞ்சேதான் நின்னேன் சார், அதுதான் என் தப்பு." பிறகு அக்காவைப் பார்த்து, எல்லார் முன்னாலும், "மன்னிச்சுக்க" என்றார். அவர் வாயிலிருந்து அந்த வார்த்தையை நான் அதற்கு முன்னால் கேட்டதில்லை.

அக்கா ஏப்ரனை வாங்கி ஆணியில் மாட்டினாள். பிறகு சின்னவர் முன்னால் போய் நின்றாள்.

"சார், பெல்ட்டை அவ மறுபடி ஓடவிட்டுருவா, நான் சொல்றேன். படம் உங்க இஷ்டம், எப்படி வேணாலும் எடுத்துக்கங்க. என் கையை மட்டும் வெட்டி ஒட்டாதீங்க. எனக்கு ஒரே ஒரு கேள்விதான். நாளைக்கு இந்தத் தொட்டி திறக்கணும். மேல் வரியில யாரு கையெழுத்துப் போடறது?"

சின்னவர் தொட்டியைப் பார்த்தார். கரும்பலகையைப் பார்த்தார். மேசையில் கோப்பை இருந்தது, இத்தனை பேச்சுக்கும் பிறகு நுரை ஒரு விரல் உயரம் அப்படியே நின்றது. அவர் அதை எடுத்துக் குடித்தார். இந்தப் புது பீரை அவர் குடித்தது அதுதான் முதல் தடவை என்று அவர் முகத்திலேயே தெரிந்தது. மெதுவாக முழுக் கோப்பையும் குடித்தார். குடித்து முடித்தும் கோப்பையைக் கீழே வைக்காமல் நின்றார்.

"கடைசியில ரொட்டி வாசம் வருது" என்றார்.

"அதுக்குத்தான் பதினோரு தடவை" என்றாள் அக்கா.

அவர் பாக்கெட்டில் கை விட்டுப் பேனா எடுக்கப் போனார், பிறகு கரும்பலகைக்குக் கீழே நூலில் தொங்கிய சாக்பீஸை எடுத்து அவள் கையில் கொடுத்தார். "நீங்கதான் போடணும், மாஸ்டர்" என்றார். உத்தரவு எழுத்தில் பிறகு வந்தது. எனக்கு அந்த வார்த்தைதான் உத்தரவு.

அக்கா மேல் வரியில் போட்ட கையெழுத்தைப் பார்த்திருக்க வேண்டும். கீழ் வரியில் எப்போதும் பொடிப்பொடியாகப் போடுவாள். அன்றைக்குப் பலகையின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரைக்கும் போட்டாள். எங்கள் பிரிவில் யாரோ கை தட்ட ஆரம்பித்தார்கள். "போதும்டி, கதவை மூடுங்க, குளிர் போகுது" என்று எங்களை விரட்டினாள். திரும்பிக்கொண்டு கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மால்ட் தூசி விழுந்துவிட்டதாம்.

படம் டிவியில் வந்தது. மழை, பூட்ஸ், தழும்புக் கை, ரெண்டு விரல் நுரை, அப்புறம் பவுடர் இல்லாத ஒரு முகம் கோப்பையை முகர்ந்து பார்த்துத் தலையாட்டுகிறது. அந்தப் பெண்ணும் வருகிறாள், கோட்டுப் போட்டுக்கொண்டு ஒரு கோப்பை குடிக்கிறாள், தன் காசுக்குக் குடிக்கிறவள் மாதிரி நிதானமாகக் குடிக்கிறாள். அதைப் பார்த்துவிட்டு மகள் கீழேயிருந்து மேலே ஓடிவந்து என்னைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். பள்ளிக்கூடத்தில் அம்மா என்ன வேலை என்று கேட்டால் இப்போது ஒரே வார்த்தையில் சொல்லிவிடுகிறாளாம்.

எல்லாம் மாறிவிட்டது என்று சொல்ல மாட்டேன். மற்ற கம்பெனிப் போர்டுகளில் இன்னும் யாராவது ஒருத்தி யார் தோளிலாவது தொங்கிக்கொண்டுதான் இருக்கிறாள். எங்கள் கம்பெனியிலேயே, அச்சடித்துவிட்ட லேபிளை வீணாக்க முடியாது என்று ரெண்டு மாதம் பழைய லேபிள்தான் ஓடியது. மீசைக்காரர்தான் மாட்டிக்கொண்டார். ஊரெல்லாம் பாட்டிலில் அவர் முகம், போகிற கடையெல்லாம் மாஸ்டர் மாஸ்டர் என்று கூப்பிட்டார்கள்.

புது பீரின் முதல் லோடு கிளம்பிய காலையில் மழை விட்டிருந்தது. நாங்கள் பெட்டி ஏற்றி முடித்துவிட்டு நின்று பார்த்தோம். கேட்டில் லாரியை நிறுத்தி, காவலாளி சீட்டைப் பார்த்துவிட்டு, கண்ணைச் சிமிட்டி, "என்ன மாஸ்டர், உங்க சரக்கை நீங்களே கொண்டு போறீங்களா?" என்று கேட்டான்.

மீசைக்காரர் ஜன்னல் வழியாக எட்டிக் குளிர் அறைப் பக்கம் பார்த்தார். பிறகு மீசையை ஒரு முறுக்கு முறுக்கினார்.

"மாஸ்டர் உள்ள வேலையா இருக்காங்க" என்றார். "நான் மாஸ்டர் வீட்டுக்காரன். கேட்டைத் திற."